காக்பிட்டில் டேப்லெட் கைவிடும்போது: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

முதலில் விமானத்தை ஓட்டுங்கள். திரை இருண்டுபோனாலும் செயலி தானாக மூடிக்கொண்டாலும் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது தெரியாது. உயரத்தையும் திசையையும் நிலைப்படுத்திவிட்டு, அதன் பிறகு மடியில் இருப்பதைப் பாருங்கள். என் மாணவர்களுக்கு முதல் நாளில் சொல்வது இதுதான். முதல் கோளாறு வந்ததும் அவர்களில் பலர் மறந்துவிடுவதும் இதைத்தான். தலையைக் குனிந்து திரையைத் தட்டிக்கொண்டே இருக்கும் மாணவருக்குத் தெரியாமல் விமானம் மெல்லச் சாய்ந்து உயரம் இழப்பதை அடுத்த இருக்கையிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

டெக்சஸில் செஸ்னா 172 விமானத்தில் பயிற்சி அளிக்கிறேன். எங்களைப் போலச் சிறு விமானம் ஓட்டும் தனியார் விமானிகள் காகித வரைபடத்துக்குப் பதில் டேப்லெட் வைத்துக்கொள்ள, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. பெரிய விமான நிறுவனங்களுக்கு அப்படியில்லை. கருவி, அதைப் பொருத்தும் விதம், செயலி, பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வேண்டும். நம் டேப்லெட்டைச் சோதிக்க நம்மைத் தவிர ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செயலி திறந்தவுடன் மூடிக்கொள்கிறது, அல்லது வரைபடம் வெறுமையாக வருகிறது

தரையில் இருந்தால் செயலியை முழுவதும் மூடித் திறவுங்கள். பலனில்லை என்றால் டேப்லெட்டை அணைத்து மீண்டும் இயக்குங்கள். பிறகு சேமிப்பிடம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுப் புகைப்படங்களும் காணொளிகளும் நிறைந்த டேப்லெட்டில் இடம் நெருக்கும்போது, செயலிகள் சேர்த்து வைத்த கோப்புகளில் சிலவற்றை இயங்குதளமே கழித்துவிடக்கூடும். கடைசி வழி, செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. நல்ல வை-ஃபையும் போதிய நேரமும் இருந்தால் மட்டுமே அதில் இறங்குங்கள்.

வானத்தில் இருந்தால் ஒரே ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள், அவ்வளவுதான். நீக்கி நிறுவும் வேலையை அங்கே தொடங்கவே கூடாது. நீக்குவது நடந்துவிடும், நிறுவ இணையம் இருக்காது.

இந்த அறிகுறிக்குப் பெரிய உதாரணம் 2015 ஏப்ரல் 28 அன்று கிடைத்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013இல் தன் விமானிகள் சுமந்த 35 பவுண்டுக்கும் மேற்பட்ட காகிதப் பைகளுக்குப் பதிலாக ஐபேடுகளைக் கொடுத்து முடித்திருந்தது. ஒவ்வொரு காக்பிட்டிலும் இரண்டு விமானிகள், இரண்டு ஐபேடுகள். ஒன்று போனால் மற்றொன்று என்பதே ஏற்பாடு. அன்று ஒரே விமானத்தில் இரண்டும் செயலிழந்தன. பல பத்து விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வை-ஃபை தேடி நுழைவாயிலுக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. காரணம் மிகச் சிறியது. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று தரவுத்தொகுப்பில் இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. செயலியால் அதைச் சமாளிக்க முடியவில்லை. செயலியை நீக்கி மறுபடி நிறுவியதும் சரியாயிற்று.

அந்த நிகழ்ச்சியை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். காகிதம் அப்படிக் கைவிட்டதில்லை. ஒருவர் பையில் ஒரு தாள் கிழிந்தோ தொலைந்தோ போனால் அடுத்தவர் பையில் அதே தாள் நல்லபடியாக இருக்கும். டேப்லெட்டோ தன் இரட்டையையும் சேர்த்துக்கொண்டு விழுகிறது. ஆகவே இரண்டாவது ஐபேட் வாங்கிவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். முதலாவதைக் கெடுத்த காரணம் இரண்டாவதைத் தொட முடியுமா என்று கேளுங்கள். தொட முடியும் என்றால் அது பதிலி ஆகாது. என் கைபேசியில் இருப்பது வேறு நிறுவனத்தின் செயலி. இரண்டு கருவிகளையும் ஒரே இரவில் புதுப்பிப்பதில்லை. இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தால் குறைந்தது சில வாரம் பொறுத்து, அதுவும் ஒரு கருவியில் மட்டும் ஏற்றி, தரையில் ஓட்டிப் பார்க்கிறேன். இவற்றோடு, போகுமிடத்தின் ஓடுபாதைப் படமும் வானொலி அலைவரிசைகளும் அச்சிட்ட ஒரே ஒரு தாளும் என் பையில் உண்டு.

திரை கறுத்து, வெப்ப எச்சரிக்கை மட்டும் தெரிகிறது

ஐபேட் வேலை செய்யும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. டெக்சஸின் ஜூலை மாதத்தில் தளத்தில் நிற்கும் விமானம் எஞ்சின் கிளப்புவதற்கு முன்பே அந்த எல்லையைத் தாண்டிவிடும். கண்ணாடிக்குக் கீழே, கருவிப் பலகையின் மேல்தட்டில், நேர் வெயிலில் வைத்த டேப்லெட் சில நிமிடங்களில் அணைந்துகொள்ளும். திரையின் வெளிச்சம் தானாகக் குறைவது முன் அறிகுறி. அதைக் கண்டவுடன் செயல்பட்டால் அணையாமல் காப்பாற்றிவிடலாம்.

சார்ஜர் கேபிளைப் பிடுங்குங்கள்; மின்னேற்றமும் சூடு கொடுக்கிறது. உறையைக் கழற்றுங்கள். நிழலுக்குக் கொண்டு வந்து, காற்றுத் துளைக்கு எதிரே பிடியுங்கள். குளிர்பெட்டியிலோ பனிக்கட்டி மேலோ வைக்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். தரையில் போடவும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

பதிலிக் கருவியை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதுதான் இந்த இடத்தில் பெரிய கேள்வி. இரண்டையும் அதே வெயிலில் அருகருகே வைத்தவர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அணையும். இரண்டாவது கருவி பின்னிருக்கைப் பையின் நிழலில், அணைக்கப்பட்ட நிலையில் இருக்கட்டும்.

திரை கறுப்பாகத் தெரிகிறது, ஆனால் ஒலி வருகிறது

போலரைஸ்டு வகைக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். திரையின் ஒளியும் அந்தக் கண்ணாடியும் குறிப்பிட்ட கோணத்தில் ஒன்றை ஒன்று அடைத்துவிடும். டேப்லெட்டைக் குறுக்காகத் திருப்பினால் படம் வந்துவிடலாம். ஆனால் விமானத்தின் சொந்தத் திரைகளும் அதே கண்ணாடியில் மங்கும் என்பதால், பறப்பதற்குச் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியே நல்லது.

வரைபடம் வருகிறது, நம் விமானத்தின் குறி நகரவில்லை

புதிதாக டேப்லெட் வாங்கியவர் என்றால் முதலில் எந்த மாதிரி என்று பாருங்கள். வை-ஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது, சிம் வசதியுள்ள மாதிரியில் உண்டு. வீட்டு வை-ஃபையைக் கொண்டு வரவேற்பறையில் இடத்தைச் சரியாகக் காட்டிய கருவி, வானத்தில் ஏறியதும் ஊமையாகிவிடுவது இதனால்தான். சிம் சந்தா வேண்டியதில்லை, மாதிரி சரியாக இருந்தால் போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் புளூடூத்தில் இணையும் வெளி ஜி.பி.எஸ். ஏற்பி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் தனி பேட்டரி உண்டு என்பதைப் புறப்படும்போது நினைவில் வையுங்கள்.

மாதிரி சரி என்றால் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு இட அனுமதி, அதுவும் துல்லியமான இட அனுமதி, கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிப்புக்குப் பிறகு இது அணைந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அடுத்து, டேப்லெட்டைப் பக்கக் கண்ணாடிக்கு அருகே நகர்த்துங்கள். மின்சாரத்தால் சூடாக்கும் முன்கண்ணாடி உள்ள விமானங்களில், கண்ணாடிக்குள் இருக்கும் உலோகப் பூச்சு செயற்கைக்கோள் சமிக்ஞையைத் தடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் குறி தாவுகிறது, நின்றுபோகிறது என்றால் கோளாறு உங்கள் கருவியில் இல்லாமலும் இருக்கலாம். 2022 அக்டோபரில் டாலஸ்–ஃபோர்ட் வொர்த் பகுதியில் ஜி.பி.எஸ். சமிக்ஞை கெட்டுப்போனது, விமானங்கள் வேறு வழிகளில் திருப்பப்பட்டன, பெரிய விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றும் சிறிது நேரம் மூடப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் ஐபேடும் கைபேசியும் வெளி ஏற்பியும் ஒன்றுசேர்ந்து பொய் சொல்லும். மூன்று கருவிகள் ஒத்துப்போகின்றன என்பதால் அவை சொல்வது உண்மை ஆகிவிடாது. தரையிலுள்ள வானொலி நிலையத்தை வைத்துத் திசை காட்டும் வி.ஓ.ஆர். கருவியைப் பாருங்கள், திசைகாட்டியைப் பாருங்கள், கீழே தெரியும் நெடுஞ்சாலையையும் ஏரியையும் பாருங்கள். கட்டுப்பாட்டு நிலையத்திடம் ஜி.பி.எஸ். போய்விட்டது என்று தயங்காமல் சொல்லுங்கள். பின்னால் வருபவருக்கும் அது உதவும்.

வரைபடம் காலாவதி என்று சிவப்பில் காட்டுகிறது

உலகம் முழுவதும் விமானத் தகவல்கள் 28 நாட்களுக்கு ஒரு முறை, எப்போதும் வியாழக்கிழமையில் மாறுகின்றன. அமெரிக்காவில் அது உலக நேரம் 09:01. டெக்சஸில் விடியற்காலைக்கும் முந்திய நேரம் அது. புதன் இரவு எல்லாம் பச்சையாக இருந்த டேப்லெட் வியாழன் காலை சிவப்பாவது கோளாறு அல்ல. அடுத்த சுற்றின் தரவை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துவிட்டால் அது நேரம் வந்ததும் தானே நடப்புக்கு வரும். நிலப்பரப்பைக் காட்டும் பெரிய வரைபடங்களுக்குச் சுற்று 56 நாள். 2021க்கு முன்பு பெரும்பாலானவை ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் மாறின.

பதிவிறக்கம் முடிந்தது என்று திரை சொல்வதை நம்பிப் புறப்படாதீர்கள். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, புறப்படும் இடம், சேருமிடம், மாற்று நிலையம் ஆகிய மூன்றின் தாள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். இணையம் இருக்கும்போது தெரியும் வரைபடம் டேப்லெட்டுக்குள் இருக்கிறதா, இணையத்திலிருந்து வருகிறதா என்று வேறு எப்படியும் கண்டுபிடிக்க முடியாது.

இதில் காகிதத்தின் மேல் எனக்கு ஏக்கம் ஒன்றும் இல்லை. எல்ரே ஜெப்பசன் என்ற தபால் விமானி தன் வழித்தடக் குறிப்புகளை 1934இல் விற்கத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு தலைமுறை விமானியும் வளையக் கோப்பைத் திறந்து பழைய தாளை எடுத்துப் புதிய தாளைக் கோத்துக்கொண்டிருந்தார். தவறான இடத்தில் கோத்த தாளை எந்தச் சிவப்பு எழுத்தும் காட்டிக்கொடுக்காது.

சார்ஜரில் இருக்கிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது

முழு வெளிச்சத்தில், ஜி.பி.எஸ். ஓடிக்கொண்டிருக்க, ஐபேட் கேட்கும் மின்சாரத்தைப் பழைய 5 வாட் சார்ஜரால் தர முடியாது. 12 வாட்டோ அதற்கு மேலோ தரும் சார்ஜர் வேண்டும். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். விரல் படாமலே திரை தானாகத் தாவுகிறது என்றாலும் முதல் சந்தேகம் அந்தக் கேபிள் மேல்தான். பிடுங்கியதும் நின்றுவிட்டால் அதைக் குப்பையில் போடுங்கள்.

கார் கடையில் வாங்கிய சார்ஜரைப் பொருத்துவதற்கு முன் அதன் மேல் உள்ள வோல்ட் எண்ணைப் படியுங்கள். பழைய 172 விமானங்கள் சிலவற்றில் 14 வோல்ட்; இன்றைய 172 விமானங்களில் 28. காருக்காக மட்டும் செய்த சார்ஜர் 28 வோல்ட்டில் கருகும்.

வானொலியில் புதிதாக ஓர் இரைச்சல்

இதை டேப்லெட்டோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மட்டமான சார்ஜர்கள் விமான வானொலியின் அலைவரிசைகளில் இரைச்சல் எழுப்பும். தொலைவில் இருக்கும் நிலையம் தேய்ந்து கேட்கிறது, அருகில் இருப்பது தெளிவாகக் கேட்கிறது என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். வானொலி பழுதுபார்ப்பவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பிடிப்பான் கழன்று டேப்லெட் விழுகிறது

கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணத்தைப் பிடித்து வைப்பது வெளிக்காற்றின் அழுத்தம். 8,000 அடியில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். தரையில் உறுதியாக இருந்தது மேலே கழல்வதற்கு அதுவே போதும், வெயிலில் இளகிய ரப்பராக இருந்தால் சொல்லவே வேண்டாம். கண்ணாடியைத் துடைத்து, ஈரத்துணியால் கிண்ணத்தையும் துடைத்து ஒட்டுங்கள். சிறு கயிறு ஒன்றால் டேப்லெட்டைக் கட்டியும் வையுங்கள்.

எது விழுந்தாலும் எங்கே விழும் என்பதே முக்கியம். 2022 ஜூலையில் ஐடஹோ மாநிலத்தில் காட்டுத்தீயை அணைக்கும் பணியில் இருந்த சினூக் ஹெலிகாப்டர் ஒன்று சால்மன் ஆற்றில் விழுந்து இரு விமானிகளும் உயிரிழந்தனர். விழுந்த ஐபேட் துணை விமானியின் இடது கால் மிதியில் சிக்கிக்கொண்டதே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டது. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானம் ஒன்று, தலைமை விமானியின் புகைப்படக் கருவி கட்டுப்பாட்டுக் கைப்பிடிக்கும் இருக்கையின் கைத்தாங்கிக்கும் நடுவே மாட்டிக்கொண்டதால், 4,400 அடி தலைகுப்புற இறங்கியது. அது டேப்லெட் இல்லை. ஆனால் மாட்டிக்கொண்ட பொருளின் பெயர் என்ன என்று கட்டுப்பாட்டுக் கம்பிகள் கேட்பதில்லை.

டேப்லெட்டைப் பொருத்தியபின், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், கைப்பிடியை முழுவதும் இழுத்து, முழுவதும் தள்ளி, இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். சுக்கான் மிதிகளை முழுவதும் அழுத்துங்கள். எங்காவது உரசினால் பிடிப்பானின் இடத்தை மாற்றுங்கள். வானத்தில் விழுந்துவிட்டால், மிதிகள் தடையின்றி நகர்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எடுப்பதற்குக் குனிய வேண்டும் என்றால், அருகில் இருப்பவர் எடுக்கட்டும். தனியாக இருந்தால், மிதியில் சிக்காத வரை, அது கிடக்கட்டும்.

திரை ஒரு பக்கம் மேலெழும்பியிருக்கிறது, பின்புறம் உப்பியிருக்கிறது

பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை விமானத்தில் ஏற்றாதீர்கள், சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள்.

வானத்தில் புகை கண்டால் சார்ஜரைத் துண்டியுங்கள். சுவாலை இருந்தால் அணைப்பானை அடியுங்கள். அதன் பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள், ஏனென்றால் சுவாலை அணைந்தபின்னும் உள்ளே ஒரு மின்கலம் அடுத்த மின்கலத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள், துணியால் மூடாதீர்கள். இரண்டும் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். குடிக்கும் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கச் சொல்வதற்குத் தாகம் மட்டும் காரணம் இல்லை. பிறகு அருகில் தெரியும் முதல் ஓடுபாதைக்குப் போங்கள்.

எந்தக் கோளாறும் இல்லை. எண் மட்டும் தவறு

இதற்குத் திரை கறுக்காது, எச்சரிக்கை வராது. எனக்கு மிகவும் பயம் தருவது இந்த அறிகுறியே.

2004 அக்டோபர் 14 அன்று எம்.கே. ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம் ஹாலிஃபாக்ஸில் புறப்படும்போது விழுந்து நொறுங்கியது; அதில் இருந்த ஏழு பேரும் இறந்தனர். மடிக்கணினியில் புறப்பாட்டு வேகத்தைக் கணக்கிடும்போது, அதற்கு முன் அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட பயணத்தின் எடை அப்படியே நிலைத்திருந்து பயன்பட்டிருக்க வேண்டும் என்று கனடிய விசாரணை முடிவு செய்தது. சரக்கும் எரிபொருளும் ஏறி விமானம் நூறு டன்னுக்கும் மேல் கனமாகியிருந்தது. கணினிக்கு அது தெரியாது.

2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340 விமானம். எடை 362.9 டன், கணினியில் தட்டப்பட்டது 262.9. ஒரே ஓர் எண். விமானம் ஓடுபாதையின் முடிவு வரை எழும்பாமல், வாலைத் தரையில் உரசி, எல்லைக்கு அப்பால் இருந்த விளக்கையும் ஆண்டெனாவையும் இடித்துக்கொண்டு எழுந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் திரும்பி இறங்கியது.

இரண்டிலும் இயந்திரம் கொடுத்த விடை அதற்குக் கொடுத்த எண்ணுக்குச் சரியானதுதான். காகித அட்டவணையில் விரலை வைத்து வரிசையைத் தேடியவருக்கு, தன் எடை எந்தக் கட்டத்தில் விழுகிறது, பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. டேப்லெட் ஒரே ஒரு விடையைத் தருகிறது, பக்கத்துக் கட்டத்தைக் காட்டுவதில்லை.

ஆகவே செயலியைத் திறப்பதற்கு முன், வரப்போகும் விடை தோராயமாக என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் வகுப்பில் விதி. 172எஸ் விமானம் முழு எடையான 2,550 பவுண்டில், கடல்மட்டத்தில், 15 டிகிரியில் எழும்புவதற்குத் தரையில் 960 அடி ஓட வேண்டும். 40 டிகிரியில் அது 1,150 அடி. இந்த இரண்டு எண்கள் மனப்பாடமாக இருந்தால் போதும். டெக்சஸின் கோடையில் செயலி 900 அடி என்று சொன்னால் உறுத்தும்.

சென்ற கோடையில் என் மாணவி ஒருவர் அப்படித்தான் விடையை முன்பே சொல்லிவிட்டு டேப்லெட்டைத் திறந்தார். எண் குறைவாக வந்தது. செயலியில் எந்தச் சிவப்பும் இல்லை. எனக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை, பறக்கலாம் என்று சொல்லப் போனேன். "இல்லை சார், இது ரொம்ப நல்ல எண்ணாக இருக்கிறது" என்று சொல்லி அவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டத்தையும் படித்தார். எரிபொருள் கட்டத்தில் 53 கேலனுக்குப் பதில் 35 என்று இருந்தது.